விரல்மேல் வைத்த தாள்

1. கணவர் இறந்தபின் தூக்கமில்லாமல் இரவும் பகலும் பேசிக்கொண்டேயிருந்த ஒரு பெண்ணை, ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து எங்கள் மனநல வார்டில் சேர்த்தார்கள்.
2. லித்தியம் மாத்திரை கொடுத்தோம். பேச்சு அடங்கியது, தூக்கம் வந்தது.
3. அவருடைய கொழுந்தன் நாள்தோறும் வீட்டுச் சோறு கொண்டுவந்தார்.
4. அந்தப் பெண்ணின் கைகள் நடுங்கத் தொடங்கின.

எடை, நாடித்துடிப்பு, நடுக்கம் ஆகியவற்றை அளப்பது என் வேலை. நோயாளியின் நீட்டிய விரல்கள்மேல் ஒரு தாளை வைத்து, அது ஆடுவதைப் பார்ப்பேன். அந்தப் பெண்ணுக்கு மனம் தெளியத் தெளியத் தாள் அதிகமாக ஆடியது. வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. மாத்திரையின் அளவை நாங்கள் மாற்றவேயில்லை. நில விசாரணையை நினைத்துப் பயப்படுகிறார் என்றார் டாக்டர்.

குத்தகைப் பதிவு நடந்துகொண்டிருந்த காலம் அது. கணவர் குத்தகைக்கு உழுத நிலம் தன் பெயரில் ஏற வேண்டுமானால், அந்தப் பெண் விசாரணையில் தாசில்தார் முன் நின்று கையெழுத்துப் போட வேண்டும். முடியாவிட்டால் கொழுந்தன் பெயர் ஏறும். அண்ணிக்குப் புத்தி சரியில்லை என்று எழுதித் தர முடியுமா என அவர் என்னிடமே கேட்டிருந்தார்.

என் சந்தேகம் அவருடைய தூக்குவாளிமேல் விழுந்தது. ஒரு மதியம் அவர் எதிரிலேயே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். கசப்பு இல்லை, வாடை இல்லை. உப்பும் இல்லை.

"அண்ணி கொணமாகுற வரைக்கும் உப்பில்லாம சாப்புடணும்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேங்க."

"நீங்க உப்பு சேத்துக்கிறீங்களா?"

"நோவு எனக்காங்க?"

உப்பு குறைந்தால் லித்தியம் உடம்பில் தேங்கி நஞ்சாகும். டாக்டரிடம் சொன்னேன். அவர் மாத்திரையை நிறுத்தி, இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பி, உப்புக் கஞ்சி கொடுக்கச் சொன்னார்.

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"சாமி காரியம். உப்பு கேட்டா, பைத்தியம் இன்னும் தெளியலம்பாங்க."

தாள் மெல்ல மெல்ல அசைவற்றது. மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினோம். கொழுந்தன் பிறகு தூக்குவாளி கொண்டுவரவில்லை. விசாரணை நாளில் அந்தப் பெண் தானே போய்க் கையெழுத்துப் போட்டார்.

இன்று அவருக்குக் கை நடுங்குவதில்லை. குத்தகை அவர் பெயரில் இருக்கிறது. கொழுந்தன் எதை வேண்டிக்கொண்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.