அந்தக் கோட்டை இழுத்தது நான்

ரெஜினா அக்கா இறந்த செய்தி, காலையில் பால் கறந்து முடிகிற நேரத்தில் வந்தது. அவருடைய மகள் தொலைபேசியில் முதலில் டேனிஷில் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாளோ, "அம்மா போயிட்டா, அன்ரி" என்று தமிழிலும் சொன்னாள். நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டதாம். மாடுகள் வெளியே போகக் காத்து நின்றன. திறந்துவிட்டேன்.

ஹொல்ஸ்டெப்ரோ என்ற டேனிஷ் நகருக்கு வெளியே உள்ள மாட்டுப் பண்ணையில் நாங்கள் இருவர்தான் தமிழர். இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரை மாதா கோயிலில் நல்ல சேலையோடு பார்த்திருப்பீர்கள். நான் பார்த்ததெல்லாம் சேற்றுச் சப்பாத்தோடுதான்.

எங்கள் வயல்களில் வேலி இல்லை. மாட்டின் கழுத்தில் ஒரு பட்டி இருக்கும். கைபேசி வரைபடத்தில் நாங்கள் இழுக்கும் கோடுதான் எல்லை. மாடு கோட்டை நெருங்கினால் பட்டி ஒலிக்கும், மீறினால் மின்சாரம் சுள்ளென்று தட்டும். கொஞ்ச நாளில் மாடு ஒலிக்கே நின்றுவிடும். கன்று போடும் மாடுகளின் வயலில் மட்டும் அக்கா, கோடு போகிற இடமெல்லாம் முதலில் நடந்து பார்ப்பார். "கண்டு போடுற மாடு ஒதுக்கமாத்தான் போகும், பிள்ளை. அதுக்கு முன்னம் நாங்கள் அங்க போய்ப் பாக்கவேணும்" என்பார். எனக்கு அது வீண்வேலையாகப் பட்டது.

நாலு வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில், கொட்டிலுக்குள் நின்றபடியே நான் கோட்டை மாற்றினேன். அது வாய்க்கால் கரையோடு போனது. மறுநாள் விடிய ஒரு மாடு அந்தக் கரையிலேயே கன்று போட்டது. எழும்பப் பார்த்த கன்று வழுக்கி வாய்க்காலுக்குள் விழுந்தது. கன்றுக்குப் பட்டி இல்லை. தாய்க்கு இருந்தது. நாங்கள் போனபோது தாய் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தது. கன்று செத்துக் கிடந்தது. அக்கா என்னை ஏசவில்லை. மாட்டின் பட்டியைக் கழற்றினார். அது இறங்கிப் போய்க் கன்றை நக்கியது. நக்கி முடியுமட்டும் மழைக்குள் பக்கத்திலேயே நின்றார்.

கோட்டை யார் மாற்றியது என்று முதலாளி கேட்டார். "நான்" என்றார் அக்கா. வேலை போனால் எனக்கு நிரந்தர வதிவிட அனுமதி கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். நான் வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கம். தேநீர் நேரத்தில் தள்ளிப்போய் இருந்தேன். "இஞ்ச வந்து இரன், பிள்ளை" என்று எத்தனை தரம் கூப்பிட்டிருப்பார். வேலை இருக்கிறது என்பேன். அனுமதி கிடைத்த பிறகும் அப்படித்தான்.

அடக்கம் முடிந்து கோப்பி குடிக்கும்போது முதலாளியிடம் போய், அன்று கோட்டை மாற்றியது நான்தான் என்று சொன்னேன். அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

"கோட்டை எந்தக் கைபேசி மாற்றியது என்று செயலியிலேயே பதிவாகும். அன்றைக்கே பார்த்துவிட்டேன்" என்றார் டேனிஷில். "ரெஜினாவிடம் கேட்டேன். 'அவள் தானாக வந்து சொல்லுவாள், அதுவரைக்கும் அவளிடம் ஒன்றும் கேட்காதே' என்றாள். போன மாதமும் அதையேதான் சொன்னாள்."

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான்: நான் ஒளித்துத் திரிந்த நாலு வருடமும் அவர் என்னை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். சொல்லிவிட்டேன், அக்கா. நீங்கள் உயிரோட இருக்கேக்க சொல்லேல்லை.