மாமன் கோட்டும் அத்தை டின்னும்

பச்சைக் குழந்தைக்குச் சட்டை தைப்பதும் கஞ்சி மாவு திரிப்பதும் லேசான தொழில் என்று நினைப்பவர்கள், அந்தக் குழந்தைக்கு அத்தை என்று ஒருத்தி இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

எழுபதுகளின் கடைசியில், போடி கடைவீதிக்குப் பின்னால், எங்கள் வீட்டு முன்னறையில் இந்த இரண்டு தொழிலையும் சேர்த்தே பார்த்தேன். சன்னல் பக்கம் தையல் மிஷின், எதிர்ச் சுவரை ஒட்டி மாவு டப்பாக்கள். துணியில் மாவு ஒட்டும், மாவில் நூல் விழும். ஊரில் எனக்கு "மிஷின் பார்வதி" என்று பெயர். மாவைச் சேர்த்து ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கரண்டியைப் பார்த்ததும் உதட்டை இறுக்கிக்கொள்ளும் குழந்தையோடு மல்லுக்கு நின்றவர்களும், சட்டைக் கையில் விரலை விரித்து மாட்டிக்கொண்டு உள்ளே போக மறுக்கும் குழந்தைக்குத் துணி போட்டுத் தோற்றவர்களும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இது. மற்றவர்களிடம் சொன்னால் "ஒரு சின்னக் குழந்தையைச் சமாளிக்க முடியலையா?" என்று கேட்பார்கள்.

வளர்கிற பிள்ளை

எங்கள் பக்கத்தில் குழந்தைத் துணிக்கு அளவு என்றால் குழந்தையின் இன்றைய அளவு கிடையாது. பள்ளிக்கூடம் சேர்க்கும்போது அது என்ன அளவில் இருக்குமோ, அதுதான் அளவு. "வளர்ற புள்ளக்கா, தாராளமா வையி" என்பார்கள். நானும் மடிப்புக்குள் மடிப்பு வைத்துத் தைப்பேன். வருஷா வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் கவுன் கீழே இறங்கும். சில கவுன்களில் வெளியே தெரிகிற துணியைவிட உள்ளே மடிந்து கிடக்கிற துணி அதிகம்.

தோட்டத்து வெள்ளாமை வீட்டுக்காரி ஒருத்தி, தவழ்கிற மகளுக்குப் பொங்கல் கவுன் தைக்க வந்தாள். தைத்ததைப் போட்டுப் பார்த்தால், கழுத்து வழியாகக் குழந்தையின் இரண்டு தோளும் வெளியே வந்துவிட்டன. தைத்த எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. "கொஞ்சம் பிடிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டேன். அவள் கவுனை உருவி, தன் நெஞ்சுக்கு நேரே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இருக்கட்டும்க்கா, இவ வளரலேன்னா எனக்கு ரவிக்கையா ஆகும்ல?"

ஏலக்காய் வீட்டுக் கஞ்சி

மாவு விஷயத்துக்கு வருகிறேன். கேப்பையை, அதாவது கேழ்வரகை, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, பக்குவமாக வறுத்துத் திரிக்க வேண்டும். மலையிலிருந்து வரும் ஏத்தங்காயை, அந்தப் பெரிய வாழைக்காயைச் சீவிக் காயவைத்துப் பொடித்து அதில் கலப்பேன். கொஞ்சம் பொட்டுக்கடலை, வாசத்துக்கு ஏலக்காய். வாசத்துக்கு என்றால் வாசத்துக்கு மட்டும். குழந்தைக்குக் காரம் ஆகாது.

இதை ஏலக்காய் ஊரில் சொல்லி ஜெயிக்க முடியுமா? ஏலக்காய் வியாபாரி வீட்டு மருமகள் ஜமீலா, வீட்டிலிருந்து பொறுக்கியெடுத்த பச்சை ஏலக்காய் ஒரு கை நிறையக் கொண்டுவந்து, "எல்லாத்தையும் போட்டுத் திரிங்க" என்றாள். வேண்டாம் என்றேன். மாமனார் வருத்தப்படுவார் என்றாள். திரித்துக் கொடுத்தேன். மறுவாரம் குழந்தையையும் கஞ்சிக் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு வாய் ஊட்டியதும் குழந்தை முகத்தை எட்டுக் கோணலாக்கி என் மிஷின் மேல் துப்பியது. ஏலக்காயைக் குறைத்து வேறு திரித்துத் தருகிறேன் என்றேன். அவள் பதறிப்போய் வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மெதுவாப் பேசுங்கக்கா, எங்க வீட்டுப் புள்ளையே ஏலக்காயத் துப்புதுன்னு தெரிஞ்சா யாவாரம் படுத்துரும்."

கழுத்துக்குக் கீழே

இப்போது அத்தை வருகிறாள். பெயர் ராஜாமணி. புருஷன் வீடு பக்கத்துத் தெருவில்தான். ஆனால் அதிகாரம் முழுக்கத் தம்பி வீட்டில். தம்பிக்குக் குரங்கணிக்கு மேலே காப்பித் தோட்டம் இருந்தது. தம்பி பெண்டாட்டி செல்வி ராசிங்காபுரத்துப் பெண், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள். அவர்களுக்கு ஒரே மகன், துரை. அந்த வீட்டில் துரைக்கு எப்போது பசிக்க வேண்டும் என்பதையும் ராஜாமணிதான் முடிவு செய்வாள்.

ஒருநாள் கையில் ஒரு பெரிய டின்னோடு வந்து நின்றாள். மதுரையிலிருந்து வரவழைத்த குழந்தை உணவாம். டின்னின் மேல் கொழுகொழுவென்று வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. "இந்தப் புள்ள போட்டிருக்கிற மாதிரியே எம்மருமகனுக்கு ஒரு சட்டை தைக்கணும்" என்றாள். டின்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். படம் கழுத்தோடு நின்றுவிட்டது. ஒரு காலர் ஓரம் மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே எழுத்துத்தான். சட்டையே தெரியவில்லையே என்றேன். ராஜாமணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை: "கழுத்து வரைக்கும் அப்படியே தையி, மிச்சத்த உன் இஷ்டத்துக்குத் தச்சுக்க."

டின்னுக்குள் கேப்பை

அந்த டின்னில் இருந்ததைத் துரை ஒரு வாய்கூட விழுங்கவில்லை. கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. பிள்ளை வாடி, விலா எலும்பு எண்ணலாம் போல ஆகிவிட்டான். செல்வி ஒரு மத்தியானம் முக்காடு போட்டுக்கொண்டு, திருட வந்தவள் மாதிரி என் வீட்டுக்குள் நுழைந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் காலி டின். அதில் என் மாவை நிரப்பித் தரச் சொன்னாள். "கேப்பக் கஞ்சி களையெடுக்கிறவுக வீட்டுப் புள்ள குடிக்கிறது" என்று ராஜாமணி தீர்ப்புச் சொல்லியிருந்தாளாம். அந்த வீட்டில் கேப்பை நுழைய வேண்டுமென்றால் டின்னுக்குள் உட்கார்ந்துதான் நுழைய வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. என் மாவு என்ன சீமைச் சாராயமா, ஒளித்துக் கடத்த? ஆனால் அவள் இடுப்பில் இருந்த பிள்ளையின் கையைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. அங்கேயே கஞ்சி காய்ச்சி ஊட்டினேன். கிண்ணத்தை நக்கினான். செல்வி அழுதாள். அழுது முடித்ததும் மாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் சொன்னாள். டின் உணவு வெள்ளையாக இருக்குமாம். அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் ஏத்தங்காயைக் கூட்டி, கேப்பையைத் துணியில் சலித்து, நிறம் மாற்றிக் கொடுத்தேன். பொன்னுக்கு நிறம் ஏற்றுகிறவர்கள் உண்டு. கேப்பைக்கு நிறம் இறக்கியவள் நான்தான்.

துரை உருண்டான். கன்னம் வந்தது, தொடையில் மடிப்பு வந்தது. ராஜாமணி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகக் காட்டினாள். என் வீட்டு வாசலுக்கும் வந்து, மாவு டப்பாக்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கேப்பையில என்னத்தா இருக்கு? எம்மருமகனப் பாரு, எல்லாம் டின்னு!"

சிக்கென்று ஒரு கோட்டு

காதுகுத்து வந்தது. எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் பரீட்சை எழுதும் நாள். மாமன் எடுத்த உடுப்பைப் போட்டு, மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். உடுப்பில் ஒரு குறை இருந்தால் அது உடுப்போடு போகாது, பிறந்த வீட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

செல்வியின் அண்ணன் முத்தையா போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்பு டிரைவர். சம்பந்தி வீட்டு வசதிக்கு முன்னால் நிற்க முடியாதவன். ஆனாலும் மாதக்கணக்கில் மிச்சம் பிடித்து மெரூன் வெல்வெட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கோட்டு, கால்சட்டை, கழுத்துக்கு ஒரு பட்டாம்பூச்சி டை. சித்திரை வெயிலில் வெல்வெட்டுக் கோட்டா என்று கேட்க நினைத்தேன். அவன் துணியைத் தடவிய விதத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அளவுக்குப் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. கடைக்கெல்லாம் தூக்கிப் போனால் கண்பட்டுவிடும் என்று ராஜாமணி விடவில்லையாம். தெருத் தெருவாகக் காட்டினால் படாத கண் என் மிஷினுக்கு முன்னால்தான் படும் போலிருக்கிறது. பதிலுக்குப் பழைய சட்டை ஒன்றை அளவுச் சட்டையாகக் கொண்டுவந்தான். பிள்ளை வாடிக் கிடந்த நாளில் நான் தைத்த சட்டை அது. "தம்பி, இப்ப அவன் உருண்டுட்டான், தாராளமா வைக்கணும்" என்றேன். ஊரே தாராளம் கேட்கும்போது முணுமுணுத்துக்கொண்டே தைக்கிற நான், முதல் தடவையாக நானே தாராளத்துக்கு வாதாடினேன். ஒரு விரற்கடைக்கு மேல் சம்மதிக்கவில்லை. முத்தையா சொன்னது இதுதான்: "தொளதொளன்னு இருந்தா வேற புள்ளைக்கு எடுத்த துணின்னு சொல்லிருவாகக்கா, சிக்குனு தையிங்க."

காது குத்தியபோது

மலையடிவாரத்துக் கோயில். பந்தல், மேளம், ஊர் ஜனம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய துரைக்கு உடுப்பு மாட்ட, செல்வி என்னை மறைவுக்குக் கூப்பிட்டாள். கால்சட்டை மூச்சைப் பிடித்து ஏறிவிட்டது. கோட்டுக்குக் கை நுழைந்தது. பொத்தானும் பொத்தான் துளையும் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, கிட்டே வரவில்லை. நடுவில் என் கஞ்சி குடித்து வளர்ந்த தொப்பை. என் மாவுக்கு நானே கொடுத்துக்கொண்ட நற்சான்று அது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நேரம் இல்லை.

"அக்கா, எங்கண்ணன் எடுத்த துணி பத்தலேன்னு இன்னிக்கு ஒரு வார்த்த வந்துச்சுன்னா, இவன் கல்யாணம் வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவாக" என்றாள் செல்வி. அண்ணன் வெளியே சிரித்த முகத்தோடு மனையில் உட்கார்ந்திருந்தான்.

இடுப்பில் கத்திரி இல்லாமல் நான் கோயிலுக்குக்கூடப் போவதில்லை. கோட்டைத் திருப்பி, முதுகில் நட்டநடுவே, காலருக்குக் கீழிருந்து அடிவரை ஒரே வெட்டு. முன்னால் பொத்தான் பூட்டியாகிவிட்டது. முன்பக்கம் கலெக்டர், பின்பக்கம் வெறும் முதுகு. தூக்கிக்கொண்டு போய் முத்தையாவின் மடியில் வைத்து, காதில் சொன்னேன்: மருமகன் முதுகை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொள், என்ன ஆனாலும் விடாதே. அவன் ஒன்றும் புரியாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பார்த்தவர்கள் எல்லாம் மாமன் பாசத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

ஆசாரி முதல் காதைக் குத்தியபோது துரைக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. இரண்டாவது காதுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வீறிடல், ஒரு துள்ளல். எதிரே பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு நின்ற அத்தையின் மேல் பாய்ந்தான். அணைத்த ராஜாமணியின் கை நேராக வெறும் முதுகில் பட்டது. அவள் பிள்ளையை மெதுவாகத் திருப்பி, முதுகை ஜனத்துக்குக் காட்டினாள். மேளக்காரர் கூட நிறுத்திவிட்டார்.

"இதென்னத்தா அநியாயம்? மாமன் சீரு முதுகு வரைக்கும் வரலையா?"

முத்தையா தலை குனிந்தான். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வாய் திறந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. கடிக்கத் தெரியாதவள் அன்று கடிக்கப் போகிறாள். டின்னுக்குள் இருந்தது கேப்பை, அதைக் குடித்துத்தான் பிள்ளை கோட்டுக்கு அடங்காமல் உருண்டான் என்று சொல்லப் போகிறாள். சொன்னால் அண்ணன் மானம் பிழைக்கும், அவள் அந்த வீட்டில் பிழைக்க மாட்டாள்.

அவளுக்கு முன்னால் நான் குதித்தேன். "நல்லாச் சொன்னீங்க மதினி! துணி குறைச்சலா இது? நீங்க ஊட்டின டின்னுக்கு எந்தத் துணிதான் தாங்கும்? பழைய அளவுக்குத் தச்ச கோட்ட எம்மாப்ள கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துட்டான். இது மாமன் குறையில்ல, உங்க டின்னு பண்ணின வேலை!"

முளைகட்டியது நான், வறுத்தது நான், கை காய்க்கத் திரித்தது நான். பெயர் டின்னுக்கு. அதையும் என் வாயாலேயே, மேளம் நிறுத்தி, ஊரைக் கூட்டிச் சொல்லியாகிவிட்டது.

ராஜாமணியின் முகம் மலர்ந்த மலர்ச்சியைச் சொல்லி முடியாது. பிள்ளையின் முதுகை இன்னொரு முறை, இந்தத் தடவை பெருமையாக, நாலு பக்கமும் காட்டினாள். பிறகு முத்தையாவின் தோளைத் தட்டி, ஜனம் முழுக்கக் கேட்கும்படி ஆறுதல் சொன்னாள்: "வருத்தப்படாதய்யா, நீ ரெட்டைத் துணி எடுத்திருந்தாலும் என் டின்னு முன்னால நிக்காது!"

மேளம் மறுபடி கிளம்பியது. முத்தையா நிமிர்ந்து உட்கார்ந்தான். செல்வி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்புக்காக எத்தனை டின்னுக்கு வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்று, கோயிலிலிருந்து வீடு வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள்

விடிந்ததும் வாசலில் ஜமீலா நின்றாள். காதுகுத்துக்கு அவளும் வந்திருந்தாள். ஏலக்காயைக் குறைத்து அவளுக்கென்று புதிதாகத் திரித்து வைத்திருந்த மாவை எடுத்து நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மூவருக்கும் ஒரே கேள்விதான், ஜமீலா கேட்டாள்: "மாவு வேண்டாங்கக்கா, அந்தக் கோட்டக் கிழிச்ச டின்னு எந்தக் கடையில கெடைக்கும்னு மட்டும் சொல்லுங்க."

போடியிலேயே நல்ல மாவு திரித்தவளும் நான்தான், அதற்கு எதிராக ஊரையே டின் வாங்கக் கிளப்பிவிட்டவளும் நான்தான் என்பதால், இந்தத் தொழிலில் எனக்கு வெளியிலிருந்து ஒரு போட்டி தேவைப்படவே இல்லை.