அலமாரிக்குள் டாக்டர்

சவீனோவின் முகத்தில் கோபம் நிற்காது. புருவத்தைச் சுருக்கினால் தும்மல் வருகிற மாதிரி இருக்கும், அதட்டினால் எதிரில் நிற்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும். இத்தாலியில் பார்லெத்தாவுக்குத் தெற்கே, கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர் அது. அந்த ஊர் நகராட்சியில் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் பதிந்து சான்றிதழ் கொடுப்பது அவன் உத்தியோகம். பன்னிரண்டு வருஷமாக அதே ஜன்னல், அதே முத்திரை. சண்டை போட வந்தவர்களும் அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு முகம் ஒரு சொத்து என்று ஒரு டைரக்டர் வந்து சொல்லும்வரை அவனுக்குத் தெரியாது.

எழுபத்தைந்தாம் வருஷம் செப்டம்பரில் ரோமிலிருந்து சினிமாக் கூட்டம் ஒன்று வேன்களில் வந்து இறங்கியது. நகராட்சிக் கட்டடத்தை மூன்று வாரத்துக்கு ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். நர்ஸ் வேஷத்தில் பெண்கள் மாடிப்படியில் ஏறி இறங்கினார்கள். அவர்கள் சட்டையில் மேல் பொத்தான் என்பது பேருக்குத்தான் இருந்தது. அந்த மூன்று வாரமும் ஊர் ஆண்கள் அத்தனை பேருக்கும் திடீரென்று பிறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது.

புருஷன் வேஷம் போட வேண்டிய நடிகர் கெட்டுப்போன சிப்பியைத் தின்று படுத்துவிட்டார். டைரக்டர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த சவீனோவைக் கையோடு இழுத்துப் போனார். காட்சி இவ்வளவுதான்: புருஷன் சீக்கிரம் வீட்டுக்கு வருகிறான், கோட்டை மாட்ட அலமாரியைத் திறக்கிறான், உள்ளே டாக்டர் அரை டிராயரோடு நிற்கிறார். எழுதி வைத்திருந்தபடி புருஷன் கத்த வேண்டும். சவீனோவுக்குக் கத்த வரவில்லை. அவன் உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "டாக்டர், உள்ள ரொம்பப் புழுக்கமா இருக்குமே. கதவைத் திறந்தே வைக்கட்டுமா?" என்றான். கேமராக்காரர் சிரித்த சிரிப்பில் படம் ஆடிப்போய், மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. டைரக்டர் அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தார். பிறந்ததிலிருந்து சவீனோ அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்த வருஷங்களில் அந்த மாதிரிப் படங்கள் மாதத்துக்கு நாலு வந்தன. பேர்தான் வேறே, படம் ஒன்றுதான். ஒரு நர்ஸ், இல்லையென்றால் ஒரு டீச்சர், இல்லையென்றால் வீட்டு வேலைக்கு வந்தவள். ஒரு குளியலறை. அதன் கதவில் கண் மட்டுமல்ல, மூக்கும் நுழைகிற அளவுக்குச் சாவித்துவாரம். வெளியே குனிந்து நிற்க ஒரு மாமனார், அவருக்குப் பின்னால் வாடகைக்குக் குடியிருப்பவன். இருபது நிமிஷம் குளியல் இல்லாமல் போனால் கொட்டகை பால்கனியிலிருந்து யாராவது "தண்ணியைத் திறந்து விடுங்கப்பா" என்று கூப்பிடுவார்கள். பாதிரியார் கோயில் கதவில் இன்னின்ன படம் பார்க்கக் கூடாது என்று பட்டியல் ஒட்டுவார். என்ன படம் ஓடுகிறது என்று ஊர் தெரிந்துகொண்டதே அதைப் பார்த்துத்தான்.

நியாயமாகச் சொன்னால் அந்தப் படங்களில் உயிர் இருந்தது. ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டே பத்து நிமிஷம் சிரிக்க வைக்கிற நடிகர்கள் இருந்தார்கள். வருஷம் முழுக்க விறைப்பாக நடக்கும் வக்கீலும் போலீஸ் அதிகாரியும் உள்பனியனோடு மாடியிலிருந்து குதித்து ஓடுவதைப் பார்ப்பதில் ஏழைபாழைகளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. ஆனால் கதை எழுதினவன் பாதியில் சாப்பிடப் போய்விட்டான் என்றே தோன்றும். பெண்பிள்ளைகளுக்குக் குளிக்கவும் கூச்சலிடவும் தவிர வேறு வேலை கிடையாது. பத்துப் படம் பார்த்தபின் வெந்த மக்ரோனியையே திரும்பவும் வேகவைத்துத் தின்கிற சலிப்பு வரும். வந்தாலும் அடுத்த சனிக்கிழமை போவோம், அது வேறு விஷயம்.

பிப்ரவரியில் படம் வந்தது. சவீனோ திரையில் இருப்பது மூன்று நிமிஷம், ஊரில் அவன் மூன்று மாதத்துக்கு ராஜா. காப்பிக் கடையில் ருஜ்ஜேரோ அவனிடம் காசு வாங்கவில்லை. தெருவில் போனால் 'புழுக்கமா இருக்குமே' என்று குரல் வரும், கூடவே சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் கொம்பு மாதிரி நீட்டிய கை உயரும். அந்தப் பக்கத்தில் கொம்பு முளைப்பது பெருமை இல்லை. பெண்டாட்டி இன்னொருத்தனோடு போய்விட்டாள் என்று அர்த்தம். அந்தச் சைகைக்காகக் கத்தி எடுத்தவர்கள் உண்டு. சவீனோ சிரித்தான். கோபப்பட்டால் நிஜம் என்று நினைப்பார்கள், அதுவும் இந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபப்பட்டால் இன்னும் மோசம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உள்ளபடி சொன்னால், அவனுக்கு அது பிடித்திருந்தது.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவன் மனைவி ரிப்பால்தா அப்போது முதல்முறையாகக் கர்ப்பமாக இருந்தாள். படம் எடுத்த மாதத்தையும் வயிற்றையும் ஊர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தது. கணக்கு ஒத்துவரவில்லை. கிண்டலுக்குக் கணக்கு எதற்கு? மீன்காரன் நெத்திலியை நிறுத்துக்கொண்டே, டாக்டர் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டான். அவள் மீன்கடையை மாற்றினாள். பிறகு பூசைக்குப் போகும் நேரத்தை மாற்றினாள். பிறகு வெளியே போவதையே குறைத்துக்கொண்டாள். மசக்கை என்று சவீனோ நினைத்தான். மே மாதம் அவள் கால் வீங்கி, அவனுடைய செருப்பு மட்டும்தான் நுழைந்தது. தலைவலி வேறு. டாக்டரிடம் காட்டச் சொல்லி மருத்துவச்சி இரண்டுமுறை சொல்லிவிட்டுப் போனாள். அவன் கேட்கும்போதெல்லாம் ரிப்பால்தா வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

ஊர் கேட்டதால் மே மாதம் அதே படத்தை மறுபடி போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவளே, இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நானும் பார்க்கணும் என்றாள். அவன் பூரித்துப் போனான். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டான்.

கொட்டகையில் இருநூறு ஆண்கள், அவர்கள் நடுவில் அவள் ஒருத்தி. முதல் பாதியில் ரிப்பால்தா நன்றாகவே சிரித்தாள். மீன்பிடி வலையில் மாட்டிக்கொண்டு மேயர் புரண்டபோது கண்ணில் நீர் வந்தது. குளியல் வந்தபோது கைப்பையில் எதையோ தேடினாள். அலமாரிக் கதவைத் திறந்து சவீனோ உள்ளே பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சிரித்துவிட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே. நல்லாப் பண்ணிருக்கே என்று அவன் காதில் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நடித்தது போல அவனுக்கு இருந்தது.

அப்போது கொட்டகை திரும்பியது. முன்வரிசை, பக்கவரிசை, பால்கனிக் கம்பி, எல்லாத் தலையும். சவீனோ வழக்கம்போலச் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. இருநூறு பேரும் அவளைப் பார்த்தார்கள், அவள் முகத்தை, பிறகு அவள் வயிற்றை. பால்கனியிலிருந்து ஒருவன், "அம்மணி, உங்க வீட்டு அலமாரி எத்தனை கதவு?" என்று கேட்டான். சிரிப்பு எழுந்து கூரையில் முட்டியது. அவள் சிரிப்பு எங்கேயோ நின்றுபோயிருந்தது. மூன்று மாதமாக ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று சவீனோ நினைத்துக்கொண்டிருந்தான். வெட்கம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது அவனுக்கு.

வெளியே வந்து கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தார்கள். அவளால் நடக்க முடியவில்லை.

"படத்துல உனக்குப் பேர் இருக்கு, டாக்டருக்குப் பேர் இருக்கு. அந்த நாய்க்குக்கூட ஒரு பேர் வச்சிருக்கான்," என்றாள். "உனக்குப் பொண்டாட்டியா வர்ற அந்தப் பொம்பளைக்கு என்ன பேர்?"

அவன் யோசித்துப் பார்த்தான். யாரும் அவளைக் கூப்பிட்டதாக நினைவில்லை. அலமாரிக் காட்சி முடிந்ததும் கேமரா டாக்டரோடு ஜன்னல் வழியாகக் குதித்துப் போய்விடும். அவள் அந்த அறையில் என்ன ஆனாள் என்று படம் எடுத்தவர்களுக்கே தெரியாது.

"டாக்டர்கிட்ட ஏன் போக மாட்டேங்கறே?"

"எப்படிப் போறது, சவீனோ? அவர் வீட்டு வாசல்ல நான் நின்னா ஊர் என்ன சொல்லும்? அவர் நம்ம வீட்டுக்கு வந்தா என்ன சொல்லும்?"

ஊரில் டாக்டர் ஒருவர்தான். லோசித்தோ என்று பேர், வயது அறுபத்திமூன்று, மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கும், அந்தத் தொப்பையோடு அவர் அலமாரியில் நுழைய வழியே இல்லை. அவரை வைத்துக்கூட ஊர் கதை கட்டியிருந்தது.

சவீனோ அவளை வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு நேரே டாக்டர் வீட்டுக்குப் போனான். மாலை ஆறு மணி. ஊர் முழுக்க நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு சதுக்கத்தில் மேலும் கீழும் உலாத்துகிற நேரம். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு, ஊர்ப் பேச்சு தன் காதிலும் விழுந்ததாகச் சொன்னார். "பின்சந்து வழியா வந்துடறேன், தம்பி. உனக்கு எதுக்கு வம்பு?"

"வேண்டாம் டாக்டர். சதுக்கம் வழியாத்தான் போறோம்."

அவர் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு சவீனோ நடந்தான். நீளமான சதுக்கம் அது. கூட்டம் முதலில் பேச்சை நிறுத்தியது. பிறகு காப்பிக் கடை வாசலில் ஒரு கை உயர்ந்தது, இரண்டு விரலோடு. பிறகு ஐந்தாறு. யாரோ விசிலடித்தார்கள். சவீனோ கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. கையை நீட்டியவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "என் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்ல. டாக்டரைக் கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிக்கொண்டே போனான். ஜன்னலில் உட்கார்ந்து சான்றிதழ் படித்துக் காட்டுகிற அதே குரலில், அத்தனை பேரிடமும் சொன்னான். சில கைகள் இறங்கின. சில இறங்கவில்லை.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் தாயையும் பிள்ளையையும் யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். உப்பு கூடாது, எழுந்திருக்கக் கூடாது, மருந்து தவறக் கூடாது. பிள்ளை பிறக்கும்வரை தானே தினமும் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ரிப்பால்தா தலையணையில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் வருவாராம். ஊர் உன்னை என்னென்ன சொல்லப் போகுதோ?"

"சொல்லட்டும்," என்றான் சவீனோ. "இத்தனை நாளா உன்னைத்தானே சொன்னாங்க."