இராக்கம்மா வாங்கிய குடை

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இராக்கம்மா பாவாடை கட்டிய வயதிலிருந்து கொழுந்து பறித்தவள். தோட்டத்தில் கொழுந்து பறிப்பது முழுக்கப் பொம்பளைகள். கங்காணி, கணக்கப்பிள்ளை, தொரை என்று மேலே போகப்போக மீசைதான்.

ரெங்கசாமிக் கங்காணிக்கு முழங்கால் வீங்கி மலையேற முடியாமல் போனபிறகு, பொம்பளைகளுக்குப் பறிக்கும் நிரை பிரித்துக் கொடுத்தது இராக்கம்மாதான். மழை வந்தால் குடியிருக்கும் லயத்துக்கு ஓடப் பார்க்கிறவர்களை மறித்து நிறுத்துவாள். "நம்ம தோட்டம்டி. கொழுந்து முத்திப்போனா நமக்குத்தானே நட்டம்?" தோட்டத்து முதலாளிகூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

தொரை இதைப் பார்த்துவிட்டு, "ரெங்கசாமி வேலைய விட்டு நின்னதும் நீதான் கங்காணி" என்று வாயாலேயே சொன்னார். நம்பிவிட்டாள். ரெங்கசாமி நின்ற வாரமே பதுளைக்கு பஸ் ஏறி, மஹ்ரூப் முதலாளி கடையில் கறுப்புக் குடை கேட்டாள்.

"வூட்டுக்காரருக்கா?"

"எனக்குத்தாங்க மொதலாளி."

"குடை புடிச்சா கொழுந்து எந்தக் கையால பறிக்கிற?" என்று அவர் சிரித்தார். நியாயமான கேள்விதான். பறிக்கிறவளுக்கு இரண்டு கையும் செடியில்; தலைக்குக் கம்பளி. குடை பிடிப்பவன் கங்காணி.

திங்கட்கிழமை காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் குடையோடு போனாள். கூடையை எடுக்கவில்லை. அதுதான் அவள் செய்த மடத்தனம். கங்காணி வேலைக்குத் தொரை கூப்பிட்டது கணபதியை. செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தவிர வேறெதையும் தொட்டறியாதவன்.

"தொரை, எனக்குன்னு சொன்னீங்களே?"

"பொம்பளை சொன்னா எவன் கேப்பான்?"

அவளுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தில் கேட்பதற்கு ஓர் 'எவனும்' இல்லை. எல்லாம் பொம்பளைகள்.

கணபதி இளித்தான். "அக்கா, ஓடிப்போயி கூடைய எடுத்துட்டு வாங்க. குடைய வேணும்னா நான் புடிக்கிறேன்."

லயத்துக்குப் போய்க் கூடையை எடுத்து வந்தாள். குடையைக் கொடுக்கவில்லை.

மத்தியானம் மழை பிடித்தது. பொம்பளைகள் பழக்கத்தில் இராக்கம்மா முகத்தைப் பார்த்தார்கள். அவள் நிரையை விட்டு இறங்கி, குடையை விரித்து, லயத்தைப் பார்க்க நடந்தாள். ஒவ்வொருத்தியாகப் பின்னால் இறங்கினார்கள்.

"அக்கா! கொழுந்து முத்திருமே!" நனைந்துகொண்டே கத்தினான் கணபதி.

"முத்தட்டும். தோட்டம் என்னுதா?"

அன்றைக்கு எல்லோருக்கும் அரை நாள் பெயர்தான் விழுந்தது, சம்பளமும் பாதிதான். தொரைக்கு மட்டும் கடைசிவரை விளங்கவில்லை, முன்பு மழையில் நின்ற பொம்பளைகளுக்கு என்ன கேடு வந்ததென்று.

வேலையை விட்டு நிற்கும்வரை இராக்கம்மாவின் கூடையில் கட்டாயம் பறிக்கவேண்டிய அளவுக்கு மேல் ஒரு கொழுந்து விழவில்லை. துணி கிழிந்து கம்பி தெரிந்த பிறகும், தூறல் போட்டால் கணபதியின் முன்னால் போய் நின்றுதான் அந்தக் குடையை விரிப்பாள்.