நீர்வேலி வாழைக்கொட்டிலில் விமானம் இறக்கியது

1. முதல் நாள்

முதல் நாளே விமானத்தை விழுத்தினேன். காரணம் கோயில்.

அதற்கு முன் பலாலி வீதியில் மினிபஸ் ஓடிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க இருந்து நாரி எலும்பு பழுதானதால் விட்டேன். அப்போது செந்தூரன் என்ற பொடியன் நீர்வேலியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் போட்டிருந்தான். மூன்று பெரிய திரை, ஒரு ஸ்ரியரிங், ஒரு கொம்பியூட்டர். இடம், அவனுடைய மாமனாரின் வாழைக்கொட்டில். குலை பழுக்கப் போட்டுப் புகை அடித்த இடம். சுவரில் மணம் இன்னும் இருந்தது.

விமானம் ஓட்டப் படித்தவன் செந்தூரன். ஆனால் திரைக்குக் கிட்ட இருந்தால் அவனுக்குத் தலை சுற்றிச் சத்தி வரும். பின்னால் நின்றால் ஒன்றும் இல்லை. அதனால் வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் இருக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. சீற் இரண்டும் என்னுடைய பழைய மினிபஸ்சில் கழற்றியவை. ஆளையும் அங்கேயே எடுத்தான்.

"பஸ் மாதிரித்தான் யோகண்ணை. இழுத்தால் மேலை போகும், தள்ளினால் கீழை போகும்."

"பிறேக்?"

"நிலத்திலை மட்டும்."

"ஹோர்ன்?"

"இல்லை."

ஹோர்ன் இல்லாத ஒன்றை நான் அதுவரை ஓட்டியதில்லை. ஏறி இருந்தேன்.

திரையில் நல்ல வெயில் போட்டிருந்தான். பலாலி ஓடுபாதை முன்னால் தெரிந்தது. ஊரையும் அவனே கொம்பியூட்டரில் கட்டியிருந்தான். வீதி, தோட்டம், பனை எல்லாம் இருந்தன. தெல்லிப்பழைப் பக்கம் ஒரு அம்மன் கோயில். கோபுரத்துக்குப் பெயின்ற் கூட அடித்திருந்தான்.

கோபுரத்தைக் கண்டதும் என் கை இரண்டும் எழும்பின. நான் எழுப்பவில்லை. மினிபஸ்சிலும் அப்படித்தான். கோயில் வந்தால் ஸ்ரியரிங்கை விட்டுக் கும்பிடுவேன். பஸ் தன்பாட்டில் போகும். விமானம் போகவில்லை. காற்றும் வைத்திருந்தான். ஒரு பக்கம் சரிந்து தோட்டத்துக்குள் விழுந்தது.

"ஏன் அண்ணை கையை விட்டனீங்கள்?"

"கோயில்."

"விமானத்திலை கையை விடேலாது."

"பஸ்சிலை விடலாம்."

திரும்பவும் ஓடினேன். திரும்பவும் கோயிலடியில் விழுந்தேன். பிறகும் விழுந்தேன். அடுத்த முறை பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கைதான் எழும்பியது. அதற்கே விழுந்தது.

செந்தூரன் கொஞ்ச நேரம் நாடியைச் சொறிந்தான். பிறகு ஒரு பொத்தானைத் தட்டினான். மூன்று திரையும் வெள்ளையாகின.

"மேகம் போட்டிருக்கிறன். இனிக் கோயில் தெரியாது. ஒண்டும் தெரியாது. கீழை மீற்றர் ஊசியை மட்டும் பாருங்கோ."

மற்றவர்கள் மழை, பனிக்காக ஊசி பார்த்து இறக்கப் பழகுகிறார்கள். நான் கோயில் தெரியக்கூடாது என்பதற்காகப் பழகினேன்.

2. இரண்டு ஊசி

வேலை இதுதான். ஓடுபாதையில் இருந்து ரேடியோ வருகிறது. ஐஎல்எஸ் என்பார்கள். அதன் பிரீக்குவென்சியைப் போட வேண்டும். போட்டால் ஒரு வட்டத்துக்குள் இரண்டு ஊசி ஆடும். நிற்கிற ஊசி லோக்கலைசர். இடமா வலமா என்று சொல்லும். படுக்கிற ஊசி கிளைட் ஸ்லோப். உயரமா பதிவா என்று சொல்லும். இரண்டும் நடுவில் நிற்க வேண்டும். ஊசி போகிற பக்கம் நாமும் போக வேண்டும். நிலத்துக்கு இருநூறு அடியில் ஓடுபாதை லைற் தெரிந்தால் இறக்கலாம். தெரியாவிட்டால் இழுத்துக்கொண்டு மேலே போக வேண்டும்.

பலாலியில் உண்மையாக இந்த ரேடியோ இருக்கிறதோ எனக்குத் தெரியாது. எங்கள் கொட்டிலில் இருந்தது.

இது தவிர பீக்கன் என்று ஒன்று. அதுவும் ரேடியோதான். அது இருக்கிற பக்கத்தை வேறொரு ஊசி காட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலால் போனால் ஊசி பின்பக்கம் திரும்பும். செந்தூரன் பீக்கனைக் கோயிலடியில் வைத்திருந்தான்.

கன பேர் வந்தார்கள். ஒரு ரீச்சர் மகளிடம் கனடா போக இருந்தா. ஒருக்கா மேகத்துக்குள்ளால் போய்ப் பயம் தெளிய வேண்டுமாம். ஏறினதில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு இருந்தா.

"ரீச்சர், கண்ணைத் திறவுங்கோ."

"திறந்தாலும் ஒண்டும் தெரியாது எண்டுதானே சொன்னனீர்?"

நானே இறக்கினேன்.

3. மாமனார்

செந்தூரனின் மாமனார் கனகசபை. நீர்வேலியில் வாழைத் தோட்டம். திருவிழாக் காலம் வந்தது. குலைக்கு விலை ஏறியது. ஒரு நாள் காலை கொட்டில் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, கொட்டில் வேணும். பழுக்கப் போட இடமில்லை."

"மாமா, இதை எங்கை கொண்டுபோறது?"

"உன்ரை விமானம்தானே. பறக்கட்டும்."

செந்தூரனுக்கு வேறு இடம் இல்லை. எனக்கு வேறு வேலை இல்லை. அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். மனம் கொஞ்சம் இளகியிருக்க வேண்டும்.

"சரி, ஒருக்கா இருந்து பாக்கிறன். ஒழுங்கா இறக்கினால் கொட்டில் உங்களுக்கு. எங்கையும் குத்தினால் நாளைக்குக் குலை வரும்."

வெளிக்கிட்டோம். நான் இடப்பக்கம், அவர் வலப்பக்கம். செந்தூரன் பின்னால் நின்றான். மேகம் போட்டுத்தான் தந்தான். அவனுக்கு என் கையைத் தெரியும்.

பிரீக்குவென்சி போட்டேன். லோக்கலைசர் நடுவுக்கு வந்தது. கிளைட் ஸ்லோப் மெல்ல இறங்கியது. சக்கரத்தைக் கீழே விட்டேன். எல்லாம் சரி.

"எங்கை போறமெண்டு உனக்குத் தெரியுதோ?"

"இல்லை ஐயா."

"பிறகெப்பிடி ஓடுறாய்?"

"ஊசி."

கனகசபை குனிந்து வட்டங்களைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார்.

"உந்த ஊசி ஏன் நடுங்குது?"

"கோயிலடி பீக்கன் ஐயா. கிட்ட வந்திட்டம்."

சொல்லியிருக்கக்கூடாது.

"எந்தக் கோயில்?"

"தெல்லிப்பழைப் பக்கத்து அம்மன் கோயில்."

"அம்மன்ரை கோபுரத்துக்கு மேலாலையோ போறம்? செருப்போடையோ? நில்லு."

"விமானம் நிக்காது ஐயா."

"அப்ப சுத்திப் போ."

பின்னால் நின்றபடியே செந்தூரன் குறுக்கிட்டான். "மாமா, இது கொம்பியூட்டர். உண்மையான கோயில் இல்லை."

"கொம்பியூட்டருக்குள்ளை கோயிலை ஆர் வைச்சது?"

"நான்தான்."

"கும்பிடத்தானே வைச்சனீ?"

செந்தூரன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமனாரிடம் பயம். அம்மனிடமும்தான்.

நான் எஞ்சினைக் கூட்டி இழுத்தேன். மேலே போனோம். இறக்காமல் திரும்பவும் ஏறுவது குற்றம் இல்லை, அதுவும் முறைதான். மேலே போனால் ஹோல்டிங் என்று ஒன்று செய்யலாம். பீக்கனை வைத்து நீட்டு வட்டமாகச் சுற்றுவது. வழமையில் வலப்பக்கம்தான் திரும்புவார்கள். ஆர் வகுத்த முறையோ, கோயில் தெரிந்த ஆள்.

"வலமாப் போறியோ?" என்று கேட்டார்.

"வலம்தான் ஐயா."

மூன்று தரம் சுற்றினோம். அவர் செருப்பைக் கழற்றிச் சீற்றுக்குக் கீழே தள்ளினார். என்னையும் கழற்றச் சொன்னார். செந்தூரன் தானாகவே கழற்றினான்.

"கும்பிட்டாச்சு. இனிப் போகலாம். அம்மன் ஒண்டும் நினைக்கமாட்டா."

திரும்பவும் லோக்கலைசரைப் பிடித்தேன். திரும்பவும் இறக்கம். பீக்கன் ஊசி நடுங்கத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேகத்துக்குள் கோயில் தெரியாதுதான். ஆனால் மூன்று தரம் வலம் வந்த பிறகு அது அங்கே இருக்கிறது என்று என் கைக்கும் தெரிந்துவிட்டது.

கை எழும்பப் பார்த்தது. இறுக்கிப் பிடித்தேன். பிடித்த பிடியில் ஸ்ரியரிங் ஆடியது. லோக்கலைசர் இடப்பக்கம் ஓடியது.

கனகசபை என் கையைப் பார்த்தார். அவரும் லொறி ஓடின ஆள்.

"கை எழும்புதோ?"

"ஓம் ஐயா."

"நீ பிடி. உனக்கும் சேர்த்து நான் கும்பிடுறன்."

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். பீக்கன் ஊசி பின்பக்கம் திரும்பியது. என் கை அடங்கியது. அவருடையது மட்டும் மேலே நின்றது. ஊசி இரண்டும் நடுவுக்கு வந்தன.

இருநூறு அடியில் லைற் தெரிந்தது. இறக்கினேன். ஒருக்காத் துள்ளியது, பிறகு ஓடியது. பிறேக் பிடித்தேன். நின்றது.

அவர் கொஞ்ச நேரம் கையை இறக்கவில்லை. பிறகு செருப்பைத் தேடினார். ஒன்று என் பெடலுக்குள் அகப்பட்டிருந்தது.

"கொட்டில் இருக்கட்டும். அந்த மூலையிலை ரெண்டு குலை தொங்கவிடுவன். ஒண்டும் சொல்லக்கூடாது."

"சரி மாமா."

"பின்னேரம் நான் வருவன். பக்கத்துச் சீற்றிலை ஆக்களை ஏத்தாதேங்கோ."

இப்போதும் வருகிறார். வாடிக்கையாளர் ஓடும்போது பின்னால் நின்று பார்ப்பார். நான் ஓடினால் வலப்பக்கம் ஏறிவிடுவார். பீக்கன் ஊசி நடுங்கினால் அவர் கை எழும்பும். என் கை எழும்பாது. குலை இரண்டும் சீற்றுக்குப் பின்னால் தொங்குகின்றன. விமானம் சரிந்தால் குலை சரியாது.

விமானம் ஓட்டிப் பழக வரும் பொடியள் கேட்பார்கள், உண்மையான விமானத்தில் ஏன் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று. செந்தூரன் நீட்டுக்குச் சொல்லுவான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒருவர் ஊசியை நடுவில் வைத்திருக்க வேண்டும். கும்பிட மற்றவர்.