சிவலையின் இடது முன்னங்கால்

எங்கள் பசுக்கிடாரி சிவலை மூன்று வாரமாக இடது முன்னங்காலை இழுத்து நடந்தது. காலைத் தொட்டால் உதைத்தது. "உப்பிடியே போனால் இறைச்சிக்குத்தான் கேட்பாங்கள்," என்றார் கணவர். எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிதோறும் அம்மனிடம் அழுதேன்.

மிருக வைத்தியம் படிக்கும் பக்கத்து வளவுப் பிள்ளை விடுமுறையில் வந்திருந்தாள். "தொடத் தேவையில்லை அன்ரி. அவிட்டு விடுங்கோ, தன்ரை பாட்டிலை நடக்கட்டும்," என்று அது நடப்பதைக் கைபேசியில் வீடியோவாகப் பிடித்தாள். பிறகு அதைக் கம்பியூட்டரில் போட்டுக் காட்டினாள். மூட்டுகளில் எல்லாம் கம்பியூட்டரே வைத்த புள்ளிகள், அவற்றை இணைத்துக் கோடுகள். சிவலையின் எலும்புகள் மட்டும் நடப்பதுபோல் இருந்தது.

"தோள் மடங்குது, முழங்கால் மடங்குது. குளம்புக்கு மேலை உந்த மூட்டுத்தான் மடங்கேல்லை. அதிலை ஏதும் கட்டினனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை," என்றேன்.

அது பொய். கன்றாக இருந்தபோது கண்ணூறு நாவூறு படாமலிருக்க, கோயிலில் வைத்தெடுத்த கறுப்புக் கயிற்றை நான்தான் அங்கே கட்டினேன். கால் பருக்க, கயிறு மயிருக்குள் புதைந்துவிட்டது. அவள் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அறுத்தால் தெய்வக் குற்றம் என்ற பயத்தில் மறைத்துவிட்டேன்.

அவள் படத்தை மறுபடி ஓடவிட்டாள். அந்த ஒரு மூட்டு மட்டும் கட்டைபோல விறைத்தபடி வந்தது.

"கட்டினனான் பிள்ளை," என்றேன்.

சிவலையின் கால்களைப் பிணைத்து, இருவருமாகக் கயிற்றை அறுத்தோம். கயிற்றோடு சீழும் வந்தது.

அம்மனிடம் சொல்லி அழுத நொண்டலை நானே கட்டியிருந்தேன். மன்னிப்புக் கேட்கக் கோயிலுக்குப் புறப்பட்டவள், வாசல் படலையடியில் சற்று நின்றேன். பிறகு திரும்பி, முதலில் சிவலையிடம் போனேன்.