கடல்தட்டின் பன்னிரண்டு புட்டிகள்

1966 அக்டோபர் 8 – கடல்தட்டு, 28 கிலோ.
டிசம்பர் 1 – பிழிந்த சாறு, 7 லிட்டர்.
1968 ஏப்ரல் 20 – அரை லிட்டர் புட்டி, 12.
குடித்தது – இல்லை.

நிலவறைக் கதவின் உட்புறம் அம்பேலியோ கரியால் எழுதிய வரிகள் இவை. மலைச்சரிவில் படிப்படியாகக் கல்சுவர்கள் தாங்கி நிற்கும் இருபத்துமூன்று திராட்சை நிலத் தட்டுகள் அவருடையவை. அலைக்கு மிக அருகில் இருந்தது கடல்தட்டு. தென்மேற்குக் காற்று எழுந்தால் திராட்சை இலைமேல் உப்பு படியும். வெயில் ஏறுமுன் கழுவாவிட்டால் கருகிவிடும். முப்பது ஆண்டுகளாக மழைநீரை முதுகில் சுமந்து இறங்கிக் கழுவினார்.

"என் முதுகை ஒருநாளாவது தேய்ச்சு விட்டிருப்பியா?" என்பாள் மனைவி தெக்ளா.

1986 நவம்பரில், ஊரின் இனிப்பு மதுவுக்குரிய சட்டப் பெயரை எந்த நிலங்களின் பழத்துக்குத் தருவது என்று எல்லை வகுத்த குழு, கடல்தட்டை விட்டுவிட்டது. பெயர் இல்லாத பழத்தை மற்றதோடு சேர்க்க முடியாது. அதற்கென்று மட்டும் உழைத்தால் கட்டுபடியாகாது; தட்டு தரிசாகிவிடும். அம்பேலியோ முறையிட்டார். அந்தத் தட்டின் பழத்தில் மட்டும் செய்த மது ஆறு புட்டி அனுப்பும்படி பதில் வந்தது.

தட்டுவாரியாக அங்கே யார் பிழிகிறார்கள்? எல்லாம் ஒரே தொட்டிக்குத்தான். அவர் பிரித்து வைத்தது ஒரே முறை. 1966இல் கடல்தட்டில் பறித்துக்கொண்டிருந்தபோதே தெக்ளாவுக்கு வலி கண்டது. அன்று மாலை கொலோம்பா பிறந்தாள். மகளோடு வந்த பழம் என்று அதைத் தனியே நிழலில் உலர்த்திப் பிழிந்து, அவள் கல்யாணத்துக்கு வைத்திருந்தார். கல்யாணமோ வருகிற மே மாதம்.

மூன்று நாள் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். நான்காம் நாள் சாப்பாட்டில், நெத்திலி வறுவல் ஆறிக்கொண்டிருக்க, மகளிடம் சொல்லிவிட்டார்.

"அனுப்புப்பா," என்றாள் கொலோம்பா. "எழுபது பேருக்கு ஆறு புட்டி போதும். நாக்கு நனைஞ்சா சரி."

கல்யாணத்தில் மதுவை, அவித்த முட்டையை நிறுத்தும் சின்னக் கிண்ணத்தில்தான் ஊற்ற முடிந்தது. அண்டை நிலத்துக்காரர் ப்ரோஸ்பெரோ, அம்பேலியோவின் பழத்துக்குக் கடலே உப்புப் போடுகிறது என்று காலமெல்லாம் கேலி பேசியவர், கிண்ணத்தை உற்றுப் பார்த்தார்.

"இதென்ன, கண்ணுக்கு விடுற மருந்தா?"

குடித்தார். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"உப்பு தெரியுதா?" என்று கேட்டார் அம்பேலியோ.

"இன்னொரு வாய் குடுத்தாத்தான் சொல்ல முடியும்."

பந்தலே சிரித்தது. மணமகள் தன் கிண்ணத்திலிருந்து அவருக்குப் பாதி ஊற்றினாள்.

மறுநாள் காலை அம்பேலியோ கதவில் 'இல்லை'யை அழித்துவிட்டு எழுதினார்: குழுவுக்கு 6, கல்யாணத்துக்கு 6. கீழே ஒரு வரிக்கு இடம் விட்டார். ஐந்து வாரம் அது வெறுமையாக இருந்தது. பிறகு அதையும் நிரப்பினார்:

கடல்தட்டு சேர்க்கப்பட்டது. குழுவின் கடைசிக் கடிதம் வந்த நாள், 1987 ஜூன் 11.